கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்

ஏப்ரல் 11, செவ்வாய்

நான் சமைக்கும் பள்ளிக்கு ஈஸ்டர் விடுமுறை. இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்காத ஒரு செவ்வாய்க்கிழமை! காலையிலேயே கொட்டகையைத் திறந்து மோட்டார் சைக்கிளை, பக்கத்தில் ஒட்டிய சைடுகாரோடு, வெளியே தள்ளினேன். இடுப்பு ‘நான் இருக்கேன்’ என்றது. இருந்துட்டுப் போ.

வெள்ளிக்கிழமை வண்டிக்கு வருஷச் சோதனை. அதற்கு முன்னால் சைடுகாரின் அடிச்சட்டம் முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் வீட்டுக்காரர் நெவில் கை நன்றாக இருந்தபோது அவரே அடிப்பார். ஏப்ரல் பிறந்தால் போதும், மனுஷன் தூரிகையோடு தரையில் கிடப்பார். ஐந்து வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. அதிலிருந்து நான் அடிக்கிறேன்.

நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கக் கீழ்க் கம்பிக்கு வந்தபோது இடது கையை நீட்டி உறுமினார். அங்கே இன்னொரு பூச்சு வேணுமாம். அடித்தேன். இன்னும் வேணுமாம். “யோவ், பெயிண்ட் டப்பா என்ன சுரங்கமா?” என்றேன். சிரித்தார். ஒரு வேலையில் இவ்வளவு அக்கறை காட்டி எத்தனை நாளாச்சு! மனசு நிறைஞ்சுபோச்சு.

ஏப்ரல் 12, புதன்

மழை. மே கடைசியில் வழக்கம்போல விட்பி கடற்கரைக்குப் போக விடுதியில் இடம் சொல்லிவிட்டேன். கடலைப் பார்த்த அறை, படியேற வேண்டாம்.

பக்கவாதத்துக்குப் பிறகு மூடிய வண்டி எதிலும் நெவிலால் உட்கார முடிவதில்லை. கார், பஸ், ரயில், எதில் ஏற்றினாலும் பத்து நிமிஷத்தில் தலைசுற்றி வாந்தி. மருந்தெல்லாம் பார்த்தாச்சு. முகத்தில் காற்று அடித்தால் மட்டும் ஒன்றும் செய்வதில்லை. ஆக, வெளி உலகத்துக்கு அவருக்கு இருக்கிற ஒரே வழி அந்த சைடுகார்தான். சோதனைச் சான்று இல்லையென்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பூனையை எண்ண வேண்டியதுதான். ஒரே பூனை.

ஏப்ரல் 14, வெள்ளி

ஃபெயில்.

பேனா அழுத்தித் தாளே கிழியுது. கோபத்தில்.

முப்பது வருஷமாக எங்கள் வண்டியைப் பார்த்தவர் கிளிஃபர்ட். போன இலையுதிர் காலத்தில் ஓய்வு எடுத்துக்கொண்டு பட்டறையை ருக்சானா என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டார். பிராட்ஃபோர்டில் பிறந்து வளர்ந்தவளாம். கிளிஃபர்ட் பதினைந்து நிமிஷத்தில் முடிப்பார், டீ குடிக்கும் நேரமும் சேர்த்து. இவள் ஒரு மணி நேரம் எடுத்தாள். என் ஃபிளாஸ்க் டீயை நீட்டினேன். “நோன்பு, ஆண்ட்டி” என்றாள். ஆண்ட்டியாம்! இந்த ஊரில் அறுபத்துமூன்று வருஷமாக யாருக்கும் நான் ஆண்ட்டி இல்லை.

முகப்பு விளக்கு எங்கே பார்க்கிறது, ஹாரன் கத்துகிறதா, டயரில் எவ்வளவு பள்ளம், கைப்பிடியைத் திருப்பினால் எங்காவது இடறுகிறதா... எல்லாம் பார்த்தாள். பின் பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு ஒரு நொடி தாமதமாக எரிகிறதாம். சரி, அது வருஷா வருஷம் வருவதுதான். அப்புறம் ஒரு அட்டையை விரித்து, மல்லாக்கப் படுத்து, டார்ச்சோடு சைடுகாருக்கு அடியில் போனாள். சின்னச் சுத்தியலால் டொக் டொக். பிறகு சத்தமே இல்லை.

“ஆண்ட்டி, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இந்தக் கம்பியில எப்பவாச்சும் ரிப்பேர் பண்ணீங்களா?”

“ஒண்ணுமே பண்ணல. பெயிண்ட் மட்டும்தான். மூணு நாள்தான் ஆச்சு.”

“பெயிண்ட் ஜோரா இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. மூணு நாள் பெயிண்டுக்குள்ளேருந்து துரு கோடு போட்டு வருது பாருங்க. உள்ள ஏதோ விட்டுப்போயிருக்கு. பைக்கையும் சைடுகாரையும் சேத்துப் பிடிக்கிறதே இந்தக் கம்பிதான்.”

“உனக்கு என்ன வயசு பொண்ணே? இந்த வண்டிக்கு உன்னவிட வயசு ஜாஸ்தி.”

“எனக்கு முப்பத்திமூணு. வண்டிக்கு முப்பத்தெட்டு. பெரியவங்கன்னு மரியாதையாத்தான் தட்டிப் பாத்தேன், ஆண்ட்டி.”

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். பழைய சான்று இருபத்தொன்பதாம் தேதிவரை செல்லும் என்பதால் ஓட்டிக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி முனகியது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது நடுவழியில் நிறுத்தியிருக்குமா? இதைவிட நம்பிக்கையான வண்டி எது?

வீட்டுக்கு வந்து ஃபெயில் தாளை நெவிலுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவளைப் போலவே பேசியும் காட்டினேன். வழக்கமாகச் சிரிப்பார். இன்று எழுந்து கம்பைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஏப்ரல் 17, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. கேரட், கேரட், கேரட். சமையலறையில் எல்லாரிடமும் அந்தப் பெண்ணைப் பற்றிப் புலம்பினேன். எல்லாருமே தலையாட்டினார்கள். ஆனால் ஒருத்திகூட ‘நீ சொல்வதுதான் சரி’ என்று வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

சுத்தியல் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் இன்று மறுபடி அடித்தேன். இரண்டு பூச்சு. சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் டெஸ் என்பவனிடம் கொண்டுபோகிறேன். ‘கண்டுக்க மாட்டான்’ என்று கேள்வி.

அவன் லங்காஷயர்காரன், எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அவர்களுக்கும் பரம்பரைப் பகை. யார்க்‌ஷயரில் பிறந்துவிட்டு அந்தப் பக்கம் போய்க் கையேந்துகிறேன் என்றால் என் நிலைமையைப் பாருங்களேன். எங்க அப்பா கேட்டால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து திட்டுவார்.

ஏப்ரல் 22, சனி

பாஸ்! டெஸ் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். “சட்டமெல்லாம் புதுசு மாதிரி மின்னுதே அக்கா” என்றான். முடிந்தது. நாளைக்கு நெவிலை உட்கார வைத்து ஒரு சுற்றுப் போகணும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வெயில் வந்தது. நெவிலுக்குத் தோல் சட்டை, தலைக்கவசம் எல்லாம் போட்டுவிட்டேன். சைடுகாரின் கதவைத் திறந்தேன். “ஏறுப்பா.” நின்றார். “இல்ல” என்றார். அவருக்கு மிஞ்சியிருப்பதே நான்கு சொல்தான். ‘ஆமா’, ‘இல்ல’, ‘டீ’, அப்புறம் நாளிதழில் போட முடியாத ஒன்று.

“என்னய்யா இல்ல? பாஸ் ஆயிடுச்சு.”

“இல்ல.”

குளிரா என்றேன். இல்ல. ஒண்ணுக்கு வருதா? இல்ல. கெஞ்சினேன், கையைப் பிடித்து இழுத்தேன். தோட்டத்துச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டு, கம்பால் தரையைத் தட்டித் தட்டி, இல்ல, இல்ல, இல்ல. எனக்கு வெறியே வந்துவிட்டது. “உனக்காகத்தானேய்யா நாயா அலையறேன்! லங்காஷயர் வரைக்கும் போய்ப் பல்லிளிச்சிட்டு வந்தேனே!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். நான்காவது சொல்லை நானும் சொன்னேன்.

அவர் அழுதார். சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். அந்தப் பெண் கொடுத்த ஃபெயில் தாள். அதன் பின்பக்கத்தில் இடது கையால் பென்சிலில் கிறுக்கியிருந்தார். ஒரு வாரமாகக் கொட்டகையில் இதைத்தான் செய்திருக்கிறார் போல.

நான். வெல்டு. 2011. மன்னி

அதற்கு மேல் அவரால் எழுத முடியவில்லை போல.

சுவரில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தக் கம்பி உடைஞ்சுதா? ஆமா. எதிலாவது மோதினியா? ஆமா. ஆடா? இல்ல. சுவரா? இல்ல. நம்ம கேட் தூணா? ஆமா. அந்த வருஷம் கேட் தூண் சாய்ந்ததற்கு நான் தபால்காரரைத் திட்டியது ஞாபகம் வந்தது. விட்பி போக எத்தனை நாள் இருந்தது, ரெண்டா? ஆமா. நீயே வெல்டு வச்சியா? ஆமா. பழைய சாமான் சந்தையில வாங்கின மெஷினாலயா? ஆமா. கிளிஃபர்டுகிட்ட சொன்னியா?

இல்ல.

அதுக்கு மேலதான் வருஷா வருஷம் பெயிண்டா?

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 24, திங்கள்

இன்று அவரோடு பேசவில்லை. அவராலும் பேச முடியாது என்பதால் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான்.

ஏப்ரல் 25, செவ்வாய்

2011 முதல் 2018 வரை வண்டியை ஓட்டியவர் அவர். சைடுகாரில் உட்கார்ந்திருந்தது நான்.

ஏழு வருஷம்! ஏழு தடவை விட்பி. மரமில்லாத மேட்டுநிலம் முடிந்து புளூ பேங்க் இறக்கத்தில் இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க வண்டி முழு பாரமும் முன்னால் சாயும், நான் போர்வைக்குள் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கீழே என்ன இருந்தது? மூன்று பவுண்டுக்கு வாங்கின மெஷினும் ஒரு டப்பா பெயிண்டும். என்ன மனுஷன்யா நீ? எப்படி உன்னால நிம்மதியா ஓட்ட முடிஞ்சுது?

மத்தியானம் கிளிஃபர்டுக்கு போன் போட்டேன். “நீங்க எப்படி கிளிஃபர்ட் பாக்காம விட்டீங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது. “ஏவ்ரிலு, கோவிச்சுக்காத. எனக்கு முழங்கால் மடங்கி பதினஞ்சு வருஷமாச்சு. கீழ போனா எந்திரிக்க ஆள் வேணும். உங்க வண்டிய நின்னுக்கிட்டேதான் பாத்தேன். நெவில் வண்டிதானே, அவன் கண்ணு மாதிரி வச்சிருப்பான்னு...”

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். போனை வைத்துவிட்டேன். வியாழக்கிழமை அந்த விரிசல் மேலேயே இரண்டு பூச்சு அடித்தவள் யார்? அவர் வெல்டு வைத்தார். கிளிஃபர்ட் குனியவில்லை. நான் கண்ணால் பார்த்த பிறகும் பூசி மெழுகினேன். நெவிலுக்காவது அந்த வெல்டு பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கும். எனக்கு என்ன சாக்கு?

ஒன்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பேசாமல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். வெளியே வருவதற்கு இருக்கிற ஒரே வழியைத் தன் வாயாலேயே மூடிக்கொண்டார். நான்கே சொல் இருக்கிற மனுஷன், அதில் ஒன்றை வைத்து என்னைக் காப்பாற்றிவிட்டார்.

சாயங்காலம் டீ போட்டுக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்க முயன்றார். வலது கை வரவில்லை.

ஏப்ரல் 27, வியாழன்

இரண்டு நாள் தயங்கி, ருக்சானாவுக்கு போன் போட்டேன். மன்னிப்பை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சொல்ல விடவில்லை.

“நானே பண்ணணும்னு இருந்தேன் ஆண்ட்டி. லங்காஷயர்ல பாஸ் ஆயிருக்குன்னு இணையத்துல பாத்தேன். யார் வேணா பாக்கலாமே. நாலு நாளா தூக்கமில்ல. சொன்னா வம்புக்கு வர்றான்னு நினைப்பீங்க, சொல்லாட்டி... அங்கிள் அதுல உக்காருவாரே. வண்டிய எடுக்காதீங்க. நான் வேன் கொண்டாரேன்.”

வந்தாள். நெவில் தானும் வரணும் என்று அடம். பட்டறை நாலு தெரு தள்ளித்தான். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். கம்பியைக் கழற்றி மேசையில் பதித்த இடுக்கியில் மாட்டினாள். ஒரு நீளக் குழாயைச் செருகி, ஒரே கையால், பெரிசாகப் பலமே கொடுக்காமல் அழுத்தினாள். டப்பென்று இரண்டாக வந்துவிட்டது. உள்ளே முழுக்கச் செம்மண் நிறம். நல்ல இரும்பு நகத்தளவுதான் மிச்சம்.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் டயர் அடுக்கில் உட்கார்ந்துவிட்டேன். டெஸ்ஸின் சான்றோடு புளூ பேங்கில் இறங்கியிருந்தால்? கடவுளே. கடவுளே.

நெவில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான்தான், நான்தான் என்று. அவள் முகம் மாறவே இல்லை. “அங்கிள், எல்லாரும் எஞ்சின் நம்பகமா இருக்கான்னுதான் கேக்குறாங்க. எஞ்சினால நான் யாரையும் ஃபெயில் பண்ணினதே கம்மி. பல்பு, பிரேக் லைட்டு, தேஞ்ச டயரு, ஆடிப்போன பேரிங்கு. அப்புறம் இந்த மாதிரி, வீட்டுல பாசமாப் பண்ணின ரிப்பேரு. அதுதான் எல்லாத்துலயும் மோசம்” என்றாள்.

நோன்பு முடிந்து ஈதும் ஆகிவிட்டதாம். என் டீயை இரண்டு கோப்பை குடித்தாள். “ஆண்ட்டி, டீயா இது, தார் மாதிரி இருக்கு” என்றாள். நல்ல பொண்ணு. அவள் நூறு வருஷம் இருக்கணும். அன்றைக்கு அவளைப் பேசியதையெல்லாம் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மே 6, சனி

புதுக் கம்பி செய்ய லீட்ஸில் ஓர் ஆளிடம் கொடுத்திருக்கிறாள். விட்பிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கிடைக்குமா? ‘கேக்காதீங்க’ என்கிறாள். நெவில் ஜன்னலோரத்தில். பூனை இன்று வரவே இல்லை.

மே 13, சனி

கிளிஃபர்ட் பட்டறைக்கு வந்து உடைந்த கம்பியைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். ‘இனிமே யாராவது அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசட்டும், நான் இருக்கேன்’ என்று மதுக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அவர் மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போய்விட்டது.

மே 20, சனி

கம்பி வந்தது, மாட்டியாச்சு. பெயிண்ட் அடிக்கவில்லை. நானே வேண்டாமென்றேன். மெல்லிசாக எண்ணெய் மட்டும் தடவியிருக்கிறாள், வெல்டு பளிச்சென்று தெரிகிறது. பிரேக் விளக்கு சுவிட்சும் புதுசு. முறைப்படி மறுபடி சோதித்து, மறுபடி மல்லாக்கப் படுத்து, தட்டிப் பார்த்து, பாஸ்.

நெவிலைத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். சைடுகாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கதவைத் திறந்தேன். ஒரு காலை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். “இல்ல.”

இந்தத் தடவை நான் கத்தவில்லை. அவர் கம்பியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். நான் ஓட்டி, ஏதாவது ஆகி... அதுதான் பயம். இனிமேல் எதை நம்புவார், பாவம்? தன் கையையே நம்பி இருந்த மனுஷன். எல்லாம் முடிந்தது, விடுதிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ருக்சானா கையைத் துடைத்தாள். முக்காட்டை இறுக்கிக்கொண்டு, சுவரில் தொங்கிய தலைக்கவசத்தை எடுத்து மாட்டினாள். சைடுகாருக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

“எடுங்க ஆண்ட்டி. தேவாலயத்து மலை இறக்கம். நல்லா வேகமாப் போங்க, கீழ வந்ததும் பிரேக்க அழுத்துங்க.”

“விளையாடாத பொண்ணே.”

“நான் பாஸ் போட்ட வண்டி. நானே உக்காரலேன்னா எப்படி?”

போனேன். இறக்கத்தில் அவள் கத்திய கத்தலில் கல்லறைத் தோட்டத்துக் காகமெல்லாம் பறந்தது! கீழே பிரேக்கை அழுத்தினேன். வண்டி கோடு போட்ட மாதிரி நின்றது, ஒரு முனகல் இல்லை. இன்னொரு தடவை என்றாள். மூன்று தடவை போனோம்.

திரும்பி வந்தபோது நெவில் நாற்காலியை விட்டு எழுந்து கம்பை ஊன்றி வாசலில் நின்றிருந்தார். சைடுகாரின் பக்கத்தில் வந்து, கம்பால் அவள் தோளை இரண்டு தட்டுத் தட்டினார். “இல்ல” என்றார், கட்டை விரலால் வெளியே காட்டி. என் இடம், எழுந்திரு!

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டு, மூலையில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி ஏதோ ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி நின்றாள். கண்ணைத் துடைத்தாள் என்று எனக்குத் தெரியும். நானும்தான்.

மே 27, சனி

விட்பி. மழை இல்லை. வறுத்த மீன், கடல் பறவைகள் தொல்லை, எல்லாம் உண்டு. ருக்சானாவுக்கு ஒரு படம் அனுப்பினேன்.

இத்தனை வருஷத்தில், ஓட்டினாலும் உட்கார்ந்தாலும், நெவில் இந்தப் பாதையில் ஒரு நிமிஷம்கூட அசந்து நான் பார்த்ததில்லை. எதிலும் கவனம் அவருக்கு, அதுதான் சுபாவம் என்று நினைத்திருந்தேன். இன்று புளூ பேங்க் உச்சியில், கீழே கடல் தெரிந்ததும், “பாருய்யா!” என்று கத்திக்கொண்டு திரும்பினேன். வாயைத் திறந்தபடி, தலை ஒரு பக்கம் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பவில்லை. வண்டியை மெதுவாக இறக்கினேன்.